என் குரலில் வந்த வசவு

எங்கள் மென்பொருள் தமிழை வாய்விட்டுப் படிக்கும். கைப்பேசியிலும் கணினியிலும் வரும் எழுத்தைப் பார்வையில்லாதவர்களுக்குச் சொல்லும். திறந்த மூல மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், நிரலைத் திருத்தி அனுப்பலாம். அதில் பேசும் பெண் குரல் என்னுடையது. திருவண்ணாமலையில் என் வீட்டு மாடியறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் பதிவு செய்தேன். அப்படியும் சில சொற்களுக்குப் பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்கும். அதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

வருகிற திருத்தங்களைச் சரிபார்ப்பவர் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருப்பவர். கெட்டிக்காரர். கிரிவலத்தில் எறும்பை மிதிக்காமல் நடப்பார்; தெருநாய்களுக்கு பிஸ்கட் போடுவார். திரை முன்னால் உட்கார்ந்தால் மட்டும் சாமி வந்துவிடும்; பிழை கண்டால் அனுப்பியவரைத் திட்டி எழுதுவார். தரத்தைக் காக்கிறார் என்று மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டுப் போவார்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளி ஆசிரியை. பார்வை கிடையாது; எங்கள் மென்பொருள் படிக்கக் கேட்டே நிரல் எழுதுவார். போன் நம்பரை அது கோடி, லட்சம் என்று படித்துத் தொலைக்கும். ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கும்படி திருத்தி அனுப்பினார். அவருடைய முதல் திருத்தம். அதில் ஒரு பிழை இருந்தது. விலையையும் அப்படியே படித்தது. ஐந்நூறு ரூபாய், ஐந்து சைபர் சைபர் ரூபாய் ஆனது.

இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, சமைச்சிக்கினு இருந்தேன். பதில் வந்திருக்குனு ஸ்பீக்கர்ல போட்டேன். மாமியாரும் பொண்ணும் பக்கத்துலயே இருந்தாங்க. 'இதை எழுதியவருக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா? இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள்'னு உங்க குரல் சொல்லுச்சு. 'யாரும்மா அந்தம்மா, உன்ன இப்டித் திட்டுது?'னு மாமியார் கேட்டாங்க."

"நீ என்னம்மா சொன்ன?"

"உங்க குரல எடுத்துட்டு பழைய மெஷின் குரல வச்சிட்டேன். இனிமே நான் எதுவும் அனுப்பலக்கா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் பார்த்தே இராத ஒரு சமையலறைக்குள் நுழைந்து, மாமியார் முன்னால் ஒரு பெண்ணை நான் திட்டியிருக்கிறேன்! வண்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சரிபார்ப்பவர் டீ குடிக்கும் கஃபேவுக்குப் போனேன். எதிரில் உட்கார்ந்து, அவர் எழுதியதை என் போனில் முழுச் சத்தத்தில் ஓடவிட்டேன். பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன.

"மேடம், சத்தத்த கம்மி பண்ணுங்க."

"அவங்க வீட்டுல கம்மி பண்ண முடியல சார்."

"கோட்ல தப்பு இருந்துச்சே?"

"இருந்துச்சு. தப்ப சொல்லுங்க. அவங்க மூளையப் பத்தி உங்கள யாரு கேட்டா? அதுவும் என் வாயால?"

அவர் நிமிர்ந்தார். "குரல நீங்கதான எல்லாருக்கும் கொடுத்தீங்க? யார் வேணா எதுக்கு வேணா பயன்படுத்தலாம்னு. இப்ப திரும்ப எடுக்க முடியாது."

"முடியாது. அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன். என் குரல்ல திட்டுனீங்க, உங்க குரல்ல பேசுங்க." நம்பரை அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த முனையில் "ஹலோ" என்றது ஆசிரியையின் குரல். எழுதும்போது வருகிற வேகம் மனிதரிடம் ஒரு துளியும் இல்லை. "மன்னிச்சிடுங்கம்மா, அப்டி எழுதியிருக்கக் கூடாது" என்றார். பிறகு தயங்கித் தயங்கி விலைச் சிக்கலை விளக்கினார். பாதியிலேயே, "அய்யோ, ஐந்து சைபர் சைபரா!" என்று அந்தப் பெண் சிரித்தது எனக்கே கேட்டது.

இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. சரிபார்ப்பவர் எழுதியதை முதலில் என் குரலில் ஓடவிட்டுக் கேட்க வேண்டும், பிறகுதான் அனுப்பலாம். நான்தான் கொண்டுவந்தேன், தளர்த்துவதாக இல்லை. அவர் முணுமுணுத்தார், செய்கிறார். தரம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பிழை இருந்தால் இன்றைக்கும் விடமாட்டார்.

ஆசிரியை திருத்தத்தைச் சரிசெய்து அனுப்பினார். அது ஏற்கப்பட்ட அன்று மறுபடி போன் வந்தது.

"அக்கா, உங்க குரல திரும்ப வச்சிட்டேன். 'அந்தம்மாக்குக் கோவம் தீந்துடுச்சா?'னு மாமியார் கேக்கறாங்க."