ஒன்றுவிட்ட கோணங்கள்

என் சித்தப்பா மகனுக்கு நான் தெரிந்தே ஒரு பொய்யைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன். அதனால் நான் கல்லூரிக்குப் போனேன். அவன் தறிக்குழியில் இறங்கினான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு முன்தெருவில், அவர்கள் வீடு பின்தெருவில். இரண்டும் இணையான தெருக்கள். அவற்றை ஒரு சந்து சாய்வாக வெட்டிச் செல்லும். தெருக்களுக்கு நடுவே, சந்தின் இடப்பக்க மூலையில் நாங்கள், வலப்பக்க மூலையில் அவர்கள். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் இரண்டு இணைகோடுகளையும் குறுக்கே ஒரு வெட்டும் கோட்டையும் போட்டு, ஒன்றுவிட்ட கோணங்களைக் குறித்தபோது, எனக்கு எங்கள் வீடுகள்தான் தெரிந்தன. அவை சமம் என்றார்.

அன்று அவன் வகுப்பில் இல்லை. அம்மை போட்டிருந்தது.

சித்தப்பா இறந்துபோன பிறகு இரண்டு குடும்பத்துக்கும் என் அப்பா வைத்ததுதான் சட்டம். "கணக்குல எவன் கூட வாங்குறானோ அவன் காலேஜுக்கு. இன்னொருத்தன் தறியில குந்தட்டும்" என்று அவர் சொல்லியிருந்தார். பள்ளியிறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இருவருக்குமாக ஒரே புத்தகம், அது என்னிடம் இருந்தது. கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

அவனைப் படுக்க வைத்திருந்த அறையின் சன்னலுக்கு வெளியே சந்தில் போய் நின்றேன். உள்ளே இருட்டு. வேப்பிலை வாடையும் மஞ்சள் வாடையும் வந்தன. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"டேய், ஒன்னுவிட்ட கோணம்னு நடத்துனாங்களாமே, இன்னாடா அது? ரெண்டும் சமமா?"

"ஒன்னுவிட்டவன் எப்புட்றா சமமாவான்? ரெண்டையும் சேர்த்தா நூத்தியெம்பது. அவ்ளோதான்."

ஒரே பக்கத்து உட்கோணங்களுக்கு உரிய விதியை இதற்கு மாட்டிவிட்டேன். இருட்டுக்குள் அவன் சிரித்தான். "அதானே. நீயும் நானும் ஒன்னுவிட்டவங்கதான? பெரியப்பா கையில ரெண்டு பேரும் சமமாவா இருக்குறோம்?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் திருத்தவில்லை.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. அறுபது என்று எழுத வேண்டிய இடத்தில் நூற்றிருபது எழுதி, அதை வைத்தே அடுத்த கணக்கையும் போட்டிருந்தான். வெளியே வந்ததும் ஓடி வந்து என் தோளில் கைபோட்டான். "நீ சொல்லிக் குடுத்தது அப்புடியே வந்துச்சுடா!" முகத்தில் அம்மைத் தழும்புகள் இன்னும் மறையவில்லை. நான் மதராசுக்குப் படிக்கப் போனேன்.

சில வருடங்கள் கழித்து, வேலையில் சேர்ந்த பிறகு, விடுமுறையில் வந்து அவனிடம் சொன்னேன். தறிக்குழியில் இடுப்புக்குக் கீழே புதைந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். தறிச் சத்தம் நின்றது.

"சமமா?"

"சமம்தான். நான்தான் மாத்திச் சொன்னேன். உனக்கு இன்னா செய்யணும்னாலும் கேளு, செய்றேன்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். வெகுநேரம் என் முகத்தையே அளப்பதுபோல் பார்த்தான். "ஒன்னும் வாணாம்பா. இனிமே சமமா இருந்தாப் போதும்."

மறுநாள் காலை எங்கள் மாடிச் சன்னலைத் திறந்தேன். அவர்கள் மாடிச் சன்னலும் திறந்தது. தற்செயல் என்று நினைத்தேன். சந்து முனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். பின்தெரு முனையில் அவன் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. நான் மீசையை எடுத்தேன். சாயங்காலம் அவன் மேலுதடு வெளுத்திருந்தது.

அதற்கு மறுநாள் அவன் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மாமா, நீங்க இன்னா சாப்ட்டீங்கன்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு. எத்தினி இட்லின்னும் கேக்கச் சொன்னாரு."

அவனிடம் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

"அது தெரியும் மாமா" என்றாள். "அவரும் ரெண்டு நாளா ஒன்னும் தொடல."

உள்ளே போய் இட்லி வைத்த தட்டை எடுத்து வந்தேன். அவள் எண்ணிக்கொண்டிருக்க, வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.