நெருப்பு வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

கலங்கரை விளக்கத்தில் வேலை என்றால் கப்பலுக்கு வழிகாட்டுவது என்று நினைப்பீர்கள். அதற்கு விளக்கே போதும், மேலே ஏறி வருகிற மனிதர்களைச் சமாளிக்கத்தான் ஆள் வேண்டும். ஜொகூரின் மேற்குக் கரையில், மலாய்க்காரர்கள் 'ரூமா ஆப்பி', அதாவது நெருப்பு வீடு, என்று சொல்லும் கோபுரத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவன் நான். லீவு வந்தால் சுற்றுவட்டாரமே அதைப் பார்க்கக் கிளம்பிவிடும். கடையிலோ ஆபீசிலோ, வருகிறவர்களுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லிப் பிழைக்கிறவர்களே, நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள்.

பாதிப் படியில் கிராணி

சாஆ ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் மனைவியோடு வந்தார். "பொம்பளைக்கு இத்தனை படி ஆகாது, நீ கீழயே உக்காரு" என்று உத்தரவு போட்டுவிட்டு ஏறியவர், நாற்பதாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவரலாம் என்று நான் திரும்பினால், அந்த அம்மாள் செருப்பைக் கையில் பிடித்தபடி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். உச்சியில் வெகுநேரம் நின்றார். கீழே இறங்கிப்போன கிராணி வெயிலில் குடையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். "ஐயா கூப்பிடுறாரம்மா" என்றேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும் தம்பி. அவரை இவ்வளவு சின்னதா இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ஊர் தெரிகிறது

தைப்பூச லீவுக்கு ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி லாரி நிறைய ஆட்களை ஏற்றி வந்தார். ஊருக்குப் போகணும் என்று நச்சரிக்கிறார்களாம். மேலிருந்து பார்த்தால் ஊரே தெரியும், பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். கடலுக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்த கரையைக் காட்டி, "அதோ, நாகப்பட்டினம்!" என்றார். இரண்டு பேர் கும்பிட்டே விட்டார்கள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் மாரியாயி மட்டும் என்னிடம் திரும்பி, "நெசமாவா?" என்று கேட்டாள். கங்காணி கண்ணாலேயே என்னை அதட்டினார். ஆனாலும் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "இல்லம்மா, அது டச்சுக்காரன் தீவு. நம்ம ஊரு ஒரு வாரக் கப்பல் தூரம்" என்றேன். அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கங்காணியைத்தான் பார்த்தாள். "அங்கேருந்து இங்க கூட்டிட்டு வர்றப்பவும் இப்படித்தான் கைய நீட்டி என்னமோ காட்டினாரு."

துரையின் தொப்பி

விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடிக்குப் பகலில் திரை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெயிலைக் குவித்து எதையாவது எரித்துவிடும். மனைவியோடு வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, படம் எடுக்கத் திரையை விலக்கச் சொன்னார். "சட்டம் இருக்கு துரை" என்றேன். "சட்டம் போட்டதே நாங்கள்தான்" என்று தாமே விலக்கினார். தொப்பியைக் கழற்றி விளக்கின் மேலேயே வைத்தார். அம்மையார் படம் எடுத்து முடிப்பதற்குள் தொப்பி புகைந்தது. கண்ணாடி துடைக்கும் துணியால் அடித்து அணைத்தது நான்.

ஆனால் என் அலட்சியத்தால் தொப்பி எரிந்ததாகப் புகார் போயிற்று. விசாரணைக்கு அதிகாரி வந்தபோது, வேலை போயிற்று என்று பெட்டியே கட்டி வைத்துவிட்டேன். அவர் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். துரையின் மனைவி தனியாக அனுப்பியதாம். துரையின் கை திரையில். பின்னால் தொப்பியில் புகை. அதிகாரி அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "போய்ப் பெட்டியைப் பிரி. இதில் துரை சிரித்துக்கொண்டு வேறு நிற்கிறார்."

இத்தனை வருஷமும் வந்தவர்களுக்கெல்லாம் பட்டப்பகலில் அணைந்த விளக்கைத்தான் காட்டினேன். இது எரியுமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.