சாப்பிடாத பிள்ளைகளும் என் எச்சில் குப்பியும்

வீடு வீடாகப் போய் அடுத்தவர் எச்சிலைக் குப்பியில் கேட்டு வாங்குவதுதான் என் பிழைப்பு. சாப்பாட்டையே பகையாகப் பார்க்கும் நோய் சில குடும்பங்களில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, பரம்பரையில் ஏதாவது இருக்கிறதா என்று எச்சிலில் உள்ள மரபணுவை வைத்து மதுரையில் டாக்டர்கள் சிலர் தேடுகிறார்கள். அவர்களுக்காக அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் அலைகிறவள் நான். கணக்கெடுப்புக்கோ சொட்டு மருந்துக்கோ கதவு தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

யார் பக்கம்?

பந்தல்குடியில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீடு. காலேஜ் போகும் மகள் சாப்பிட்டதையெல்லாம் யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்து உறவிலும் இப்படி யாராவது உண்டா என்று கேட்டேன். அம்மாவின் நாத்தனார் இருக்கும்போது கேட்டிருக்கக் கூடாது. தங்கள் வம்சத்தில் கல்லைத் தின்றாலும் செரித்துவிடும் என்று அவர் ஆரம்பிக்க, அப்பா மெல்லத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நான் பஸ்ஸுக்கு நடந்தபோது அந்தப் பெண்ணின் அம்மா பின்னாலேயே வந்தார். என் பையைப் பிடித்து நிறுத்தினார். "எங்க பக்கந்தான்னு வந்துச்சுன்னா, அத எங்க நாத்தனார்கிட்ட மட்டும் சொல்லிராதீக தாயி."

அரை மணி நேரம்

அருப்புக்கோட்டையில் பவர்லூம் ஓட்டும் ஒரு குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ். மகள் சுகன்யா பிளஸ் டூ. சனிக்கிழமை விரதம் என்று ஆரம்பித்தவளுக்கு எல்லாக் கிழமையும் விரதமாகிவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு வற்றியிருந்தாள். அம்மா எச்சில் கொடுத்தார். அப்பா மறுத்துவிட்டார். இது வெறும் வீம்பு, ரத்தத்தில் இருக்கிறதென்று ஊரில் பரவினால் இவளை யார் கட்டுவார்கள் என்பது அவர் பேச்சு. லூம் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகியவர், அதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எச்சில் கொடுக்கும் முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எல்லோரிடமும் சொல்வதுதான். இவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. எப்படியோ சொன்னேன். சுகன்யா முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிச்சி வந்தது.

"அரை மணி நேரம் போதுமாக்கா?"

வறண்ட வாய்

அடுத்த வாரமே அவள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். மதுரையில் சேர்த்திருந்தார்கள். இதயத் துடிப்பு ரொம்பக் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் வார்டுக்கு ஓடினேன். வார்டு வாசலில் நின்ற அப்பா, என்னைப் பார்த்ததும் குப்பியைக் கேட்டார். வெகுநேரம் முயன்றும் அவருக்கு எச்சில் ஊறவில்லை. பயத்தில் வாய் வறண்டு கிடந்தது. கன்னத்தைத் தேய்த்துவிடச் சொன்னேன்.

தேய்த்துக்கொண்டே பேசினார். அவருடைய அக்காவும் கல்யாண வயதில் இப்படித்தான் சோற்றை ஒதுக்கி ஒதுக்கியே போய்ச் சேர்ந்தாளாம். பேய் என்று வேப்பிலை அடித்தார்களாம். மனைவிக்குக்கூட அவர் சொன்னதில்லை. ஒருவழியாகக் குப்பியை நிரப்பி என்னிடம் நீட்டினார். "என் எச்சில்ல அது இருக்கட்டும்மா. அப்பவாச்சும் எம்புள்ள வீம்புக்குச் செய்யலேன்னு ஆகும்ல."

பதில்

சுகன்யா பிழைத்துக்கொண்டாள். வைத்தியம் இன்னும் நடக்கிறது. அப்பா மட்டும் அடிக்கடி போன் போட்டுப் பதில் வந்துவிட்டதா என்று கேட்பார். ஏகப்பட்ட பேரின் எச்சிலைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதோ கொஞ்சம் தெரியும், உங்களுக்கென்று தனியாகப் பதில் வராது, பரம்பரை என்றால் தலையெழுத்தும் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். லூமை நிறுத்திவிட்டு மகளோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவள் தட்டில் இரண்டு இட்லி. பாதியில் கை நின்றது. அவரோ அவள் தட்டைப் பார்க்காமல் ஏதோ நூல் விலையைப் பேசிக்கொண்டே இருந்தார். நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்தபடி நின்றேன். சுகன்யா நிமிர்ந்தாள். "நீங்க அங்கிட்டுப் பாருங்கக்கா, நான் சாப்பிட்டுக்கிருவேன்."

இத்தனை வீட்டில் எச்சில் கேட்டு வாங்கத் தெரிந்த எனக்கு, "சாப்டியா?" என்று ஒருவரைப் பதறாமல் கேட்க மட்டும் இன்னும் வரவில்லை.