தாளாளர் அறையில் விழுந்த மூன்று காப்பி

1. ஆயுத பூஜைக்கு எங்கள் பள்ளியின் இரண்டு பிரிண்டர்களுக்கும் ஆயாம்மா சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்.
2. அலுவலகப் பிரிண்டரில் ஒரு பொட்டு, நெட்வொர்க் முகவரி எழுதி ஒட்டியிருந்த சீட்டின் கடைசி இலக்கத்தை மறைத்தது.
3. விடுமுறை முடிந்ததும் கிளார்க் அக்காவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் பிரிண்டரைச் சேர்ப்பது கம்ப்யூட்டர் டீச்சரான என் வேலை.
4. பொட்டைத் துடைக்கப் போனேன். "பூஜ போட்டத துடைக்கக் கூடாதும்மா, தானா உதுரும்" என்றார் ஆயாம்மா.
5. அந்த இலக்கத்தை நான் ஊகித்தேன்.

பிரிண்டரின் மெனுவில் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் எனக்குத்தான் நன்றாக ஞாபகம் இருந்ததே. முகவரியை அடித்து, அதையே வழக்கமான பிரிண்டராகவும் வைத்து, ஒரு சோதனைப் பக்கம் அனுப்பினேன். அச்சாகிவிட்டது என்றது திரை. எங்கே என்று நான் கேட்கவில்லை. மிச்சமிருந்த பொரியைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அக்கா தன் பயோடேட்டாவை அச்சடிக்க உட்கார்ந்தார். திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள். அன்று மாலைக்குள் நேரில் கொடுக்க வேண்டும். எட்டு வருடமாக இங்கே இருக்கிறார். விஷயம் எனக்கு மட்டும் தெரியும். கடைத்தெருவில் எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அந்தக் கடைக்காரர் தாளாளருக்குப் பங்காளியாம். மை காய்வதற்குள் சேதி போய்விடுமாம்.

ஒரு முறை அழுத்தினார். தாள் வரவில்லை. மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறை கொஞ்சம் பலமாக அழுத்தினார். அப்போதுதான் திரையில் கடைசி இலக்கத்தைப் பார்த்தேன். அது தாளாளர் அறைப் பிரிண்டருடையது. வாசலில் அவருடைய கார் நின்றிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நீயும் வா, நீதான கோத்து உட்ட" என்றார்.

தாளாளர் மூக்குக் கண்ணாடியுடன் பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். என் சோதனைப் பக்கத்தை முதலில் என்னிடம் நீட்டினார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"எட்டு வருஷமா இங்க இன்னா வேல செஞ்சேன்னு நீ எழுதித்தாம்மா எனக்குத் தெரியுது. இவ்ளோவா?"

"கொறச்சித்தான் சார் எழுதியிருக்கேன்."

"மூணு காப்பி எதுக்கு?"

"எனக்கு ஒண்ணு போதும் சார். ரெண்ட நீங்க வச்சிக்கோங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கொடுத்தார். அக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, மதியம் திண்டிவனம் பஸ் ஏறினார். போகாதே என்று தாளாளர் சொல்வார் என நினைத்து நான் பயந்ததுதான் மிச்சம். அவர் அந்த இரண்டு காப்பியையும் பத்திரமாக மேசை இழுப்பறைக்குள் வைத்தார். எதற்கு என்று அப்போது விளங்கவில்லை.

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. போன மாதம் சேர்ந்துவிட்டார். அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. பயோடேட்டாவில் அவர் எழுதியிருந்த பதினான்கு வேலைகளில் ஒன்பதற்கு நேராகத் தாளாளர் என் பெயரை எழுதி, ஒரு காப்பியை என்னிடம் கொடுத்திருக்கிறார். முகவரியைத் திருத்திவிட்டேன். பொட்டு இன்னும் உதிரவில்லை.