ஞானம்மாவின் முறை

போன ஞாயிறு பூசை முடிந்து, ஜொகூர் பாரு கடைத்தெருவில் ராவுத்தர் கடைக்குள் நுழைந்தேன். டீ வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

"காலரா வருதுன்னு பேசிக்கிறாங்களே ஐயா… நீங்க ஊசி போட்டுக்கிட்டீங்களாமே?"

"ஆமாம். கையைப் பாருங்க, பூரி மாதிரி வீங்கியிருக்கு."

பக்கத்து மேசையில் நம் கோயில் வாலிபர் ஒருவர் சிரித்தார். "விசுவாசம் உள்ளவனுக்கு ஊசி எதுக்கு? மாதா பாத்துக்க மாட்டாளா?"

ராவுத்தர் திரும்பினார். "பாத்துக்குவாங்க தம்பி. அதுக்காக ரொட்டி மேல ஈ உட்கார்ந்தா, ஓட்டாமயா திங்கிறே?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன் – பாதி வரை. அதற்குள் சவரிமுத்து உபதேசியார் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அது 1918, பெரிய சண்டை முடிகிற சமயம். சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. விஷக்காய்ச்சல் வந்தது. 'இன்புளுவென்சா' என்றார் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். பெயர் தெரிந்து என்ன செய்ய? காலையில் பால் வெட்டப் போனவர்கள் மரத்தடியிலேயே சாய்ந்தார்கள். மரங்கள் மட்டும் அந்த நாட்களில் சுகமாக இருந்தன… கீறுவதற்கு ஆள் இல்லை.

என் வீட்டை நோயாளிகளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, பால் வெட்டுகிறவர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் ஓர் அறைக்குக் குடிவந்தேன்.

பயந்தவர்கள் எங்கே ஓடுவார்கள்? கோயிலுக்குத்தான். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்னக் கோயில். சாயங்காலமானால் தோட்டத்து வேதக்காரர் அத்தனை பேரும் உள்ளே. தோளோடு தோள் இடிக்க ஜெபமாலை. முடிவில் வரிசையாகப் போய், சிலுவையில் பாடுபட்ட ஒரே சுரூபத்தை முத்தி செய்வோம். இருமிக்கொண்டே முத்தி. அழுதுகொண்டே முத்தி. காய்ச்சலுக்குக் காலா இருக்கிறது? நாங்கள்தான் அதை உதட்டில் ஏந்தி வீட்டுக்கு வீடு கொண்டுபோனோம் – பக்தியோடு.

அதை முதலில் உணர்ந்தவர் சவரிமுத்து. அவரும் பால் வெட்டுகிறவர்தான். சுவாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர். ஒருநாள் கோயில் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்.

கூட்டம் கொதித்தது. எல்லாருக்கும் மேலே ஆரோக்கியத்தின் குரல். உபதேசியாருக்கு அடுத்த அறையில் தனியாக இருந்த கைம்பெண்.

"கோயிலைப் பூட்டுறவன் உபதேசியாரா? சாத்தான்கூட இதைச் செய்யமாட்டான்!"

"செய்யமாட்டான்தான்க்கா. இப்போ திறந்து வச்சாத்தான் அவனுக்கு லாபம்."

"அப்போ ஜெபம்?"

"நேத்து நீங்க கோழியைத் திட்டினது கடைசி அறை வரைக்கும் கேட்டுச்சு. ஜெபம் மட்டும் கேக்காதா?"

லயத்தில் அறைக்கு அறை பலகைத் தடுப்பு; அது கூரை வரை போகாது. ஒருவர் தும்மினால் லயமே கேட்கும். அந்தக் குறையைத்தான் அவர் கோயிலாக்கினார். சாயங்காலம் அவரவர் அறையில் முழங்காலில் நிற்பது. முதல் அறை மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லும். அடுத்தது இரண்டாம் அறை. அப்படியே கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து. எந்த அறையில் குரல் எழவில்லையோ, அங்கே ஆள் விழுந்துவிட்டது என்று அர்த்தம். வாயில் துண்டு கட்டிக்கொண்டு கஞ்சியும் வெந்நீரும் எடுத்துப் போகவேண்டும்.

கடைசி அறை வீராயி. புருஷனை அப்போதுதான் புதைத்திருந்தோம். அவள் வேதக்காரி இல்லை. முறை வந்தால், "முருகா… நான் இருக்கேன் சாமி!" என்பாள். உபதேசியார் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும். ஜெபம் மறுபடி முதல் அறைக்குப் போகும்.

கஞ்சி எடுத்துப் போனவர்கள் நாங்கள் மூன்று நாலு பேர். மற்றவர்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். ஆரோக்கியம் கதவில் வேப்பிலை வேறு செருகியிருந்தாள். அவள் குரல் மட்டும் வெளியே வரும், ஆள் வரமாட்டாள்.

பிறகு ஞானம்மா விழுந்தாள். சவரிமுத்துவின் மனைவி. நெடுநாள் தவத்துக்குப் பின் வயிற்றில் முதல் பிள்ளை. அந்தக் காய்ச்சல் பிள்ளைத்தாய்ச்சிகளை என்ன செய்கிறது என்று பார்த்திருந்தோம். அன்று பூராவும் சவரிமுத்து அவளை விட்டு அசையவில்லை.

சாயங்காலம் ஜெபம் கடைசி அறைக்குப் போனது. முருகனும் இல்லை, வீராயியும் இல்லை. நான் கஞ்சிச் சட்டியோடு உபதேசியார் வாசலில் தயங்கினேன். அவர் மனைவியைப் பார்த்தார்.

"போங்க," என்றாள் ஞானம்மா. "என் முறையை நான் சொல்லுவேன். கேட்டுக்கிட்டே இருங்க."

போனோம். வீராயி பாயில் துவண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. சவரிமுத்து அவள் தலையை மடியில் தாங்கி, சிரட்டை அகப்பையால் கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். விழுங்கினாள், புரையேறியது, மறுபடி விழுங்கினாள். வெளியே ஜெபம் அறை அறையாக நகர்ந்துகொண்டிருந்தது. ஞானம்மாவின் முறை வந்தது.

ஒரு கணம் ஒன்றும் இல்லை.

பிறகு குரல் எழுந்தது. மெல்ல, முழுசாக, கடைசி வார்த்தை வரைக்கும்.

அகப்பை அந்தரத்தில் நின்றது. அப்புறம் அகப்பை மறுபடி இறங்கியது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

வீராயி கண் திறந்த பிறகுதான் எழுந்தார். எழுந்தவர் நடக்கவில்லை, ஓடினார். பின்னால் ஓடிய நான் வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே ஆரோக்கியம். வேப்பிலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அதே ஆரோக்கியம், ஞானம்மாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞானம்மாவுக்குக் குரல் போயிருந்தது. புருஷனைத் தெரிந்தது, கையைப் பிடித்தாள். மறுநாள் மத்தியானம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றே அடக்கம் செய்துவிட்டு, கல்லறையிலிருந்து திரும்பும்போது ஆரோக்கியம் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க உபதேசியாரே. நேத்து அந்த மந்திரத்தைச் சொன்னது ஞானம்மா இல்லே… நான்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் வெறும் மூச்சுதான் கேட்டுச்சு. என்னமோ, கால் தானா ஓடிருச்சு. 'என் முறையை நீ சொல்லுக்கா, இல்லேன்னா அவரு அங்கே பாதியில விட்டுட்டு வந்துருவாரு'ன்னு காதுல சொன்னா…"

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"இத்தனை வருஷம் கேட்ட குரல் தெரியாதா?"

"தெரிஞ்சுமா வரலே?"

"உங்க குரல் என் வீட்டுக்குள்ளேருந்து வந்துச்சு. அவ தனியா இல்லேன்னு தெரிஞ்சுது. வீராயிக்குத்தான் அந்நேரம் யாரும் இல்லே."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்லாம என்னக்கா… இப்பவும் பயமாத்தான் இருக்கு. நான் செஞ்சது சரிதானான்னு."

வீராயி பிழைத்தாள் – அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அவரைத் தேற்ற என் நாக்கு அன்று எழவில்லை என்பதும் தெரியும். பயமே இல்லாதவன்தான் விசுவாசி என்றால், அந்த லயத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டோம்.

மழை வந்து போனது. காய்ச்சல் அடங்கியது. சவரிமுத்து கோயிலைத் திறந்தார். மிஞ்சியவர்கள் இடைவெளி விட்டு முழங்காலில் நின்றோம். இடைவெளி விட இப்போது இடம் நிறைய இருந்தது. முறை முறையாக ஜெபம் போனது. ஆரோக்கியத்தின் முறை வந்தது. தன் மந்திரத்தைச் சொல்லி முடித்தாள். நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள்.

நான் அந்தத் தோட்டத்தில் இருந்த காலம் வரைக்கும் தினமும் அப்படித்தான். எங்கள் ஜெபமாலையில் மணி ஒன்று கூடிப்போகும். சர்வேசுரன் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.