ஆச்சி தேய்க்காத விளக்கு

செய்தி கைப்பேசியில்தான் வந்தது. காலையிலேயே துறையின் வாட்ஸ்அப் குழுவில் தெய்வானை ஆச்சியின் பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். வெள்ளை மேலங்கி, வெறுங்காது, சிரிக்காத முகம். ‘நமது பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சு, லேசர் பாதுகாப்பு அலுவலராக இருந்து, ஒரு விபத்துகூட நடக்காமல் காத்த மாசற்ற பணியாளர் மறைந்தார்’ என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

நோய் முற்றிவிட்டது எனக்கு முன்பே தெரியும். அதனால் சாவு என்னை உலுக்கவில்லை, அந்த வாக்கியம்தான் உலுக்கியது. ஒரு விபத்துகூட நடக்கவில்லையாம்! இடது கண்ணை மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தேன். என் வலது கண்ணுக்கு நேரே பார்க்கும் இடம் தெரியாது, சுற்றியிருப்பது மட்டுமே தெரியும். ஆச்சியின் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு நின்றது. அந்தத் திட்டு ஆச்சியின் விளக்கால் வந்தது. அவரை அறிந்தவர்கள் அதையும் அறிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழக வாசல் டீக்கடையில் வேறொரு கதை ஓடியது. “கதிர்வீச்சுலயே கெடந்தாகள்ல, கேன்சர் வராம என்ன செய்யும்?” என்று ஒருவர் சொல்ல, டீ ஆற்றியவர் தலையாட்டினார். இதற்கு ஆச்சியே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மருத்துவமனையில் நானும் தயங்கித் தயங்கி அதையே கேட்டபோது முறைத்தார். “என் பேட்ஜ்ல என்னைக்காச்சும் எதாவது ஏறிப் பாத்திருக்கியா? எங்க பெரியாத்தாவுக்கும் இதே நோய்தான். அவுக அடுப்படியத் தாண்டுனதில்ல. நான் போன பொறகு எவனாச்சும் இல்லாத பழியப் போட்டா நீ சும்மா இருந்துறாத மாணிக்கம்” என்றார். சும்மா இருக்கவில்லை. டீ ஆறிப்போகும்வரை அவர்களோடு சண்டை போட்டேன்.

அந்த பேட்ஜ்தான் அவர் உயிர். சட்டையில் குத்திக்கொண்டால், நம் மேல் எவ்வளவு கதிர்வீச்சு விழுந்தது என்று பின்னால் அளந்து சொல்லும் சின்ன அட்டை அது. கதிரியக்கப் பொருள் இருக்கும் அறைக்குள் அது இல்லாமல் யாரையும் விடமாட்டார். மூத்த பேராசிரியர் ஒருவர், தொலைந்துபோனால் வம்பு என்று அதை வீட்டில் பூஜையறையில் பத்திரமாக வைத்திருந்தார். ஆச்சி நேரே அவர் மேசைக்கே போய், “சாமிக்கு எவ்வளவு டோஸ் விழுந்துச்சுன்னு அளந்து அனுப்பட்டுமா சார்? நாளைக்கு மாட்டிக்கிட்டு வாங்க, இல்லாட்டி ரூமப் பூட்டிருவேன்” என்றார். மறுநாள் அவர் மாட்டிக்கொண்டு வரவில்லை. ஆச்சி பூட்டிவிட்டார்.

லேசர் அறை வாசலில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். மோதிரம், கடிகாரம், வளையல், சாவிக்கொத்து எல்லாவற்றையும் அதில் போட்ட பிறகுதான் உள்ளே போகலாம். எங்கள் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை. பளபளப்பான எதில் பட்டாலும் திரும்பும், திரும்புவது தெரியாது. புதிதாகக் கல்யாணமான ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மோதிரத்தைக் கழற்றமாட்டேன் என்று கண்ணைக் கசக்கியபோது, ஆச்சி தன் வெறுங்காதைக் காட்டினார். அவருடைய குடும்பத்தில் பெண்கள் வைரத்தோட்டைச் சாமானியமாகக் கழற்றுவதில்லை. “இதுக்கு எங்க வீட்டுல என்னய என்ன பேச்சுப் பேசுனாகன்னு வந்து கேளு. போடு கிண்ணத்துல” என்றார். ஆராய்ச்சி மாணவர்களான நாங்கள் அவரை முதுகுக்குப் பின்னால் கேலி செய்வோம். அவர் வந்தால் அடங்கிவிடுவோம்.

இப்படிப்பட்டவர்தான் அந்த ஆயுத பூஜைக்கு விளக்கு கொண்டுவந்தார். அவருடைய கல்யாணச் சீரில் வந்த பித்தளைக் குத்துவிளக்கு. புளி போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கலாம் போல் இருந்தது. லேசர் மேசையில் சந்தனம் தெளிக்க அவர் விடமாட்டார், பூ வைக்க விடமாட்டார். விளக்கு மட்டும் வைக்கலாம் என்றார். மேசையின் கடைசியில், ஒளி போய் முடிகிற கறுப்புத் தடுப்புக்கு முன்னால்தான் இடம் காலியாக இருந்தது. இயந்திரம் அணைந்திருந்த காலை வேளையில் அவரே வைத்து, திரியும் போட்டார்.

பூஜை என்றால் இயந்திரத்தைக் கொஞ்சம் ஓடவிட்டுத்தான் முடிப்பது வழக்கம். அரிசி மில்லிலும் பஸ் டெப்போவிலும் எப்படியோ, எங்கள் ஆய்வகத்திலும் அப்படியே. தீபாராதனை முடிந்ததும் துறைத்தலைவர், “ஓடாத மிஷினுக்கு என்னம்மா பூஜை? ஒரு நிமிஷம் போடுங்க” என்றார். ஆச்சி கூட்டத்தை வெளியே அனுப்பினார். உள்ளே நின்ற சிலரைப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டச் சொன்னார். கிண்ணம் நிறைய மோதிரங்கள் கிடந்தன. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு இயந்திரத்தைப் போட்டார். அந்த நேரம் துறைத்தலைவர் திருநீற்றுத் தட்டை என் முன் நீட்டினார். அந்தக் கண்ணாடி நெற்றியையும் சேர்த்து மூடும். பூசிக்கொள்வதற்காக அதை மேலே தூக்கினேன். கண்ணுக்குள் ‘டொப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. வலியே இல்லை. பிறகு, பார்த்த இடத்திலெல்லாம் கறுப்பாக ஏதோ மிதந்தது.

வைரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர் பித்தளையைக் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம். கிண்ணத்தில் போட வேண்டிய சாமான்களில் ஒன்றாகக் குத்துவிளக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அது சாமி. சாமி எப்படி ஒளியைத் திருப்பி அடிக்கும்?

மதுரைக் கண் மருத்துவமனைக்கு என்னை ஏற்றிக்கொண்டு ஆச்சியே கார் ஓட்டினார். வழியெல்லாம் பஸ்களில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். திருப்பத்தூர் தாண்டியதும் சாலையைப் பார்த்தபடியே, “அது என் விளக்குதான். நீ நின்ன எடத்துலருந்து கோடு போட்டுப் பாத்துட்டேன். வேற எதுலயும் பட்டு வந்திருக்க முடியாது” என்றார். மருத்துவமனையில் மருத்துவர், நடுப்பார்வை திரும்பாது என்று சொன்னபோது என் கையை அவர் பிடிக்கவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

விசாரணைக் குழு கூடுவதற்கு முன் துறைத்தலைவர் ஆச்சியைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். “பையன் கண்ணாடியத் தூக்குனது உண்மைதானே? அதை மட்டும் சொல்லுவோம். பூஜை, விளக்குன்னு பேச்செடுத்தா எல்லாருக்கும் கஷ்டம்மா” என்றார். அது உண்மைதான். திருநீற்றை நீட்டிய கையும் அதே உண்மையில் சேர்த்தி என்பதை அவர் மறந்துவிட்டார். என் அலட்சியம் என்று முடிவானால் என் ஆராய்ச்சி அன்றோடு முடிந்திருக்கும். போன கண்ணோடு படிப்பும் போயிருக்கும்.

குழுவின் முன்னால் ஆச்சி நின்றுகொண்டே பேசினார். “கண்ணாடி ரெண்டாவது காவல். மொதக் காவல் நான். அந்த ஒளி அந்தப் பக்கம் வந்திருக்கவே கூடாது. என் விளக்குல பட்டு வந்துச்சு. வச்சது நான், மிஷினப் போட்டதும் நான். அவன் கண்ணாடி போட்டிருந்தா தப்பிச்சிருப்பான். ஆனா எனக்கு அது சமாதானம் ஆகாது” என்றார். பொறுப்பிலிருந்து அவரை எடுத்தார்கள். சில ஆண்டுகள் தேர்வு அறைகளில் மேற்பார்வைக்குப் போட்டார்கள். அவருக்குக் கீழே இருந்தவர்கள்கூட அவரைப் பார்த்தால் வழியை மாற்றிக்கொண்டார்கள். அந்த வேலைக்கு வேண்டிய தகுதி வேறு யாருக்கும் இல்லாததால் பிறகு அவரையே திரும்ப உட்கார வைத்தார்கள். இதுதான் அவருடைய ‘மாசற்ற பணி’.

திருக்கோஷ்டியூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கு அவர் வந்ததையும் சொல்ல வேண்டும். நாங்கள் விவசாயக் குடும்பம். லேசர் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. ஆச்சி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, “வெளக்கக் குத்தம் சொல்லாதீக ஆச்சி. வெளக்கால யாருக்காச்சும் கண்ணு போகுமா? எங்க கெட்ட நேரம்” என்றாள். அதை ஏற்றுக்கொண்டு அவர் திரும்பியிருக்கலாம். ஆச்சி எழுந்திருக்கவில்லை. “நேரம் இல்ல ஆத்தா. வெளக்கச் சொல்லல. வச்ச கையச் சொல்றேன்” என்று தன் வலது கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். அதுவரை அவள் அழுதிருக்கவில்லை. அன்றிலிருந்துதான் நானும் அவரை மேடம் என்று கூப்பிடுவதை விட்டு, ஆச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இடது கண் களைத்துப்போனால் படிக்கிற எழுத்து மறையும், எதிரே வருகிறவரின் மூக்கு மறையும். அப்போதெல்லாம் எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அவர்தான் என்னை ஒவ்வொரு முறையும் மதுரைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். ஒருநாள் காரில் நானே, “விடுங்க ஆச்சி, நடந்தது நடந்துபோச்சு” என்றேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். “அந்தப் பேச்சு வேணாம். மன்னிச்சிருன்னு நான் உங்கிட்ட கேக்கல, கேக்கவும் மாட்டேன். நீ சரின்னு சொல்லிட்டா நான் நிம்மதியாத் தூங்கிருவேன். நான் தூங்குனா இன்னொரு பிள்ளைக்குக் கண்ணு போகும்” என்றார். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அவர் தூங்கவில்லை. மீண்டும் பொறுப்புக்கு வந்ததும் விளக்கை ஆய்வகத்துக்கே கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். மறுபடி தேய்க்கவில்லை. அது கறுத்துக் களிம்பேறியது. ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜைக்கு முன், புது மாணவர்களை உட்கார வைத்து அதை மேசைமேல் வைப்பார். “இது என் விளக்கு. இதனால ஒருத்தன் கண்ணு போச்சு. என்னோட கவனக்கொறவு” என்றுதான் பாடத்தைத் தொடங்குவார். அந்த ஒருத்தன் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான். ஓய்வு பெற்றபோது விளக்கை வீட்டுக்கு எடுத்துப்போனார். அந்தத் தகுதியை அதற்குள் நான் பெற்றிருந்ததால் அவருடைய வேலை எனக்கு வந்தது.

சாவுச் செய்தி வந்த அன்று, காரைக்குடியில் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த விளக்குதான். தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்தது. பளபளவென்று இருந்தது. அவருடைய அண்ணன் மனைவி என்னைப் பார்த்து, “எத்தன வருசமாத் தேய்க்க விடல இவ. அசிங்கமாக் கெடந்துச்சு. இன்னைக்காச்சும் நல்லா இருக்கட்டுமேன்னு புளி போட்டுத் தேச்சேன்” என்றார். என் கால் தானாக ஒரு பக்கம் விலகியது. வீட்டில் லேசர் ஏது? ஆனாலும் அந்த விளக்கின் நேர்க்கோட்டில் நிற்க முடியவில்லை. விலகி நின்றே மாலையை வைத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தவர்கள், பழசைக் கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரியம் முடிந்ததும் அந்த வீட்டில் விளக்கைக் கேட்டு வாங்கியிருந்தேன். அதை மேடைமேல் வைத்து, ஆச்சி சொல்வதுபோலவே தொடங்கினேன். அன்று திருநீறு நீட்டிய துறைத்தலைவர் முதல் வரிசையில் இருந்தார். எழுந்து போகவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒரு விபத்துகூட நடக்கவில்லை என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

விளக்கு இப்போது பழைய அலமாரியில் இருக்கிறது. விளிம்பில் லேசாகக் கறுக்கத் தொடங்கிவிட்டது. அதையும் வாசலில் இருக்கும் கிண்ணத்தையும் நான் வைத்துக்கொண்டேன். இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. அன்று காரில் நீங்கள் கேட்காத, என்னைச் சொல்லவிடாத அந்த ஒரு வார்த்தை. இனி உங்கள் தூக்கத்தை எதுவும் கெடுக்காது. காவல் இப்போது என்னுடையது, நான் தூங்கிவிடக் கூடாது. அதனால் இன்றும் அதைச் சொல்லமாட்டேன், ஆச்சி.