அழகரத்தினத்தின் கழுத்து வெட்டு

தயிர்ச்சட்டி விற்கிற அழகரத்தினத்தின் வாய்க்கு ஓய்வென்பதே கிடையாது. படுவான்கரையிலிருந்து பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, அக்கரை ஆமிச் சென்றியில் சோதனைக்குச் சட்டிகளைத் திறந்து காட்டும்போதும், கேட்கிற சிங்களச் சிப்பாய்க்கு விளங்குகிறதோ இல்லையோ, பால் கொடுத்த எருமையின் குணநலன்களைச் சொல்லிக்கொண்டே நிற்பார். மனைவி சீதேவிப்பிள்ளை தலையிலடித்துக்கொள்வாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஒருநாள், பாதையில் வைத்தே அந்த வாய் நின்றுபோனது. வலக்கை துவண்டு சட்டி விழுந்து உடைந்தது. பேச முயன்றார்; குழறல்தான் வந்தது. கரை சேரும் முன்பே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

"தயிர்தான் போச்சு, ஆள் இருக்கிறன்" என்று சிரித்தார். சீதேவிப்பிள்ளை சிரிக்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள்.

ஸ்கேன் பார்த்த டொக்டர் பொறுமையாக விளக்கினார். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இடப்பக்கக் கழுத்துக் குழாய் கொழுப்பு அடைத்துச் சுருங்கியிருக்கிறது. அடுத்த தடவை பாரிசவாதமாகவே வரலாம். கழுத்தைத் திறந்து அடைப்பை எடுத்துவிடலாம்; ஆனால் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு அந்த வெட்டிலேயே வாதம் வருவதுண்டு. வெறும் மாத்திரையோடு இருந்தால் ஆபத்து அதைவிடக் கூட.

"யோசிச்சுச் சொல்லுங்க. கனநாள் யோசிக்காதீங்க."

விறாந்தையில் வந்து குந்திய அழகரத்தினத்தின் யோசனை வேறு.

"இஞ்ச பாரு புள்ள, கத்திக்குப் பயமில்ல. கழுத்தில தழும்போட சென்றியில போய் நிண்டா விடுவானா? இயக்கக்காரன், சண்டைக் காயம் எண்டு பிடிச்சிட்டுப் போயிருவான்."

அது வீண் பயமல்ல. முழங்காலில் பழைய காயம் இருந்த குற்றத்துக்கு சீதேவிப்பிள்ளையின் தம்பி மாதக்கணக்கில் உள்ளே கிடந்தவன். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை.

"அறுபது வயசில உங்களை ஆரு பொடியன் எண்டு நினைக்கிற? அதை விடுங்க. வாதம் வந்து வாய் கோணி, பேர் என்ன எண்டு ஆமி கேக்கக்குள்ள சொல்ல ஏலாம நிண்டா மட்டும் விடுவானா?"

அழகரத்தினம் எழுந்து உள்ளே போய், "வெட்டுங்க டொக்டர்" என்றார்.

வெட்டு நல்லபடி முடிந்தது. ஊர் திரும்பும்போது சென்றியில் ஓர் இளம் சிப்பாய் தழும்பைச் சுட்டிக்காட்டி, "வெடியா?" என்றான். சீதேவிப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழகரத்தினம் தொடங்கினார். குழாய், கொழுப்பு, ஸ்கேன், ஆஸ்பத்திரிச் சோறு என்று பாதி தமிழிலும் பாதி உடைந்த சிங்களத்திலுமாக ஒன்றையும் விடவில்லை. பின்னால் வரிசை நீண்டது. முதலில் முறைத்த சிப்பாய் பிறகு கொட்டாவி விட்டான். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "போங்க ஐயா, போங்க" என்றான்.

பாதையில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து மனைவியிடம் தொடர்ந்தார். ஒரு சொல்லும் குழறவில்லை. சீதேவிப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளும் கூட இருந்து பார்த்த அதே கதையை, "பிறகு?" என்று கேட்டாள்.